தாக்குதலை யாரிடம் ஒப்படைப்பது?

புத்தளம் மாவட்டத்துக் கற்பிட்டிக் குடாநாட்டிலே, ஒருபுறம் கடலும் மறுபுறம் களப்புமாக அமைந்த நிலப்பரப்பில் உள்ளது கண்டக்குழி. மீன்பிடித் தொழிலும் ஓயாத காற்றும் இக்கரையின் அடையாளங்கள். தென்மேற்குப் பருவக்காற்று வீசும் மாதங்களில், பெரும் பட்டத்தைப் பற்றிக்கொண்டு நீரின்மேற் சறுக்கும் விளையாட்டுக்காக வெளிநாட்டார் பலர் இங்கு வந்து தங்குகின்றனர்.

இக்கரையின் இளைஞர்களைக் கொண்டு உதைபந்தாட்ட அணியொன்றை அமைப்பதாக ஒரு கற்பனை செய்துகொள்வோம். முன்னணி வீரர்களுக்குத் தாக்குதலாட்டத்தைக் கற்பிக்கப் பயிற்றுநர் ஒருவர் வேண்டும். மூவர் விண்ணப்பிக்கின்றனர். ஒருவர் நாடறிந்த பழைய ஆட்டக்காரர். மற்றவர் ஆசிய உதைபந்தாட்டச் சம்மேளனத்தின் உயர்ந்த சான்றிதழ்களைப் பெற்றவர். மூன்றாமவர் அயலூர்ப் பாடசாலையொன்றின் அணியை நான்காண்டு காலம் ஆட்டுவித்தவர். பெயரும் புகழும் இல்லாதவர். இம்மூவருள் எவரை நாம் தெரிவுசெய்வோம்?

பெரும்பாலானோர் முதலாமவரையே சுட்டுவர். சிலர் இரண்டாமவரைச் சொல்லுவர். மூன்றாமவரை நேரில் அழைத்துப் பேசவேண்டும் என்று சொல்வோர் மிகச் சிலரே. இவ்வழக்கம் சரிதானா என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

இருவேறு சோதனைகள்

திருக்குறளின் பொருட்பாலிலே, தெரிந்து தெளிதல் என்பது ஐம்பத்தோராம் அதிகாரம்; தெரிந்து வினையாடல் என்பது அதனை அடுத்த அதிகாரம். முன்னது ஆளை ஆராய்ந்து நம்புவதைப் பற்றியது. பின்னது அவ்வாறு நம்பியவனை அவனுக்கேற்ற தொழிலில் அமர்த்துவதைப் பற்றியது. ஆள் நல்லவனா என்பது ஒரு கேள்வி. இந்தத் தொழிலுக்கு, இந்த இடத்துக்கு, இந்தக் காலத்துக்கு அவன் ஏற்றவனா என்பது பிறிதொரு கேள்வி. நியமனக் குழுக்கள் பல முதற் கேள்வியோடு நின்றுவிடுகின்றன.

கரைவலை இழுக்கும் ஊர்களிலே சம்மாட்டிமார் இந்த வேற்றுமையை நன்கு அறிவர். வலையை எப்போது வளைப்பது, எப்பக்கம் இழுப்பது என்று கட்டளையிடும் மண்டாடியை அவர்கள் பேச்சுவன்மை பார்த்து அமர்த்துவதில்லை. அந்தக் கரையின் நீரோட்டத்தை அறிந்தவனா, அங்குள்ள ஆட்களைக் கொண்டு மீனைக் கரைசேர்த்தவனா என்றே பார்ப்பர். உதைபந்தாட்டக் கழகங்கள் அவர்களிடத்திலே கற்றுக்கொள்ள வேண்டியது உண்டு.

வலுக்குறைந்த தோளும் புதிய வழியும்

தாக்குதலுக்கென்று தனிப் பயிற்றுநரை வேதனங் கொடுத்து அமர்த்தும் வழக்கம் மிக விரிவாக வளர்ந்திருப்பது அமெரிக்காவிலேயாகும். அங்கே ஆடப்படும் காற்பந்தாட்டம் நமது உதைபந்தாட்டத்தினின்றும் வேறானது. முட்டை வடிவப் பந்தைக் கையிலேந்தி ஓடியும் எறிந்தும் ஆடுவர். ஒரே அணியிலே தாக்குதற்குப் பதினொருவர், தடுத்தற்கு வேறு பதினொருவர் என இரு படைகள் உண்டு. நான்கு முயற்சிகளுள் பத்து யார் தூரம் முன்னேறாவிடின் பந்து எதிரணியின் கைக்குப் போய்விடும். ஆகவே ஒவ்வொரு முயற்சியையும் முன்கூட்டியே வகுத்துச் சொல்லுதல் அங்கே தனித் தொழிலாகிவிட்டது.

சின்சினாட்டி நகரத்து அணியில் பில் வால்ஷ் என்பவர் துணைப் பயிற்றுநராக இருந்தார். 1969ஆம் ஆண்டில் அவ்வணிக்குக் கிரெக் குக் என்ற இளைஞர் வாய்த்தார். பந்தை நெடுந்தூரம் எறியும் வன்மை படைத்த அவர் தோளிலே காயமுற்றார். அடுத்த ஆண்டு அவருடைய இடத்துக்கு வந்த வேர்ஜில் கார்ட்டர் நெடுந்தூரம் எறிய வல்லவரல்லர். ஆயினும் குறி தவறாதவர், சிந்தித்து ஆடுபவர். வால்ஷ் அவரை நெடுந்தூரம் எறியுமாறு வற்புறுத்தவில்லை. பந்தைக் குறுகிய தூரத்துக்கு, விரைவாக, மைதானத்தின் அகலம் முழுவதையும் பயன்படுத்தி எறியும் ஆட்டமுறை ஒன்றை அவருக்கென வகுத்தார். 1970இல் அவ்வணி தன் பிரிவில் முதலிடம் பெற்றது. 1971இல், எறிந்த பந்துகளுள் மிகுந்த வீதத்தைத் தம்மவர் கைசேர்த்தவர் என்ற வகையில் கார்ட்டர் தம் சங்கத்து அணிகள் அனைத்திலும் முதல்வராக நின்றார்.

1975ஆம் ஆண்டுப் பருவம் முடிந்ததும் சின்சினாட்டியின் தலைமைப் பயிற்றுநர் போல் பிரவுன் ஓய்வுபெற்றார். அவருடைய இடம் வால்ஷுக்குக் கிடைக்கவில்லை. மற்றொரு துணைப் பயிற்றுநருக்குக் கொடுக்கப்பட்டது. வால்ஷ் வெளியேறினார். 1979இல் சான் பிரான்சிஸ்கோ அணி அவரைத் தலைமைப் பயிற்றுநராக அமர்த்தியது. முதலாண்டிலே பதினாறு ஆட்டங்களுள் இரண்டில் மட்டுமே வெற்றி; இரண்டாம் ஆண்டில் ஆறு; மூன்றாம் ஆண்டிலோ நாட்டின் வெற்றிக் கிண்ணம். 1982 ஜனவரியில் நடந்த அந்த இறுதியாட்டத்தில் அவரிடம் தோற்ற அணி எது? சின்சினாட்டியே! தோல்வி 26க்கு 21. 1989 ஜனவரியில் அதே இரு அணிகளும் இறுதியாட்டத்தில் மீண்டும் சந்தித்தபோதும் வால்ஷின் அணியே 20க்கு 16 என வென்றது.

இவ்வரலாறு நமக்கு இரண்டு பாடங்களைத் தருகின்றது. கையிலுள்ள வீரனின் இயல்புக்கேற்ப ஆட்டத்தை வகுப்பவனே சிறந்த தாக்குதற் பயிற்றுநன் என்பது முதலாவது. அத்தகையவனை அமர்த்திய பின்னர் ஓராண்டுத் தோல்வியைக் கண்டு துரத்தாதிருத்தல் வேண்டும் என்பது இரண்டாவது. முதலாண்டின் முடிவிலேயே வால்ஷை விலக்கியிருந்தால் சான் பிரான்சிஸ்கோவுக்கு அந்த வெற்றிகள் வாய்த்திருக்குமா?

ஒரு பள்ளி ஆசிரியர்

நமது அயல்நாடாகிய இந்தியாவிலும் இதற்கு ஒப்பான சான்று உண்டு. ஹைதராபாத்தைச் சேர்ந்த சையத் அப்துல் ரஹீம் தொழிலால் ஓர் ஆசிரியர். ஆட்டக்காரராக அவர் உலகப் புகழ் பெற்றவரல்லர். ஆயினும் அவர் பயிற்றிய ஹைதராபாத் நகரப் பொலிஸ் அணி 1950 முதல் 1954 வரை ஐந்து ஆண்டுகள் தொடர்ந்து ரோவர்ஸ் கிண்ணத்தை வென்றது. அவருடைய பயிற்சியின்கீழ் இந்திய அணி 1951இலும் 1962இலும் ஆசிய விளையாட்டு விழாவில் தங்கப்பதக்கம் பெற்றது. 1956ஆம் ஆண்டு மெல்பேர்ன் ஒலிம்பிக்கில் அவுஸ்திரேலியாவை 4க்கு 2 என வென்று நான்காம் இடத்தை எய்தியது. அந்த ஆட்டத்தில் நெவில் டிசூசா மூன்று கோல்களைப் போட்டார்.

ரஹீமின் ஆற்றல் மிக நன்றாக வெளிப்பட்டது 1962இல், ஜகார்த்தா நகரிலேயாகும். முதலாட்டத்திலேயே தென்கொரியாவிடம் இந்தியா 2க்கு 0 எனத் தோற்றது. பின்பு தாய்லாந்துடன் ஆடியபோது, பின்களத்தின் தூணாக விளங்கிய ஜர்னைல் சிங் தலையிலே காயமுற்றார், தையலிட வேண்டியதாயிற்று. வேறொருவராயின் அவரை இருக்கையில் அமர்த்தியிருப்பர். ரஹீமோ அவரை மத்திய முன்னணிக்குக் கொண்டுவந்தார். அரையிறுதியாட்டத்திலும் கோல் போட்ட ஜர்னைல், தென்கொரியாவையே மீண்டும் எதிர்த்த இறுதியாட்டத்திலும் ஒரு கோல் போட்டார். மற்றதைப் போட்டவர் பி. கே. பானர்ஜி. இந்தியா 2க்கு 1 என வென்றது. அப்போதே நோய்வாய்ப்பட்டிருந்த ரஹீம் 1963இல் காலமானார்.

சிறந்த ஆட்டக்காரர் சிறந்த பயிற்றுநராக முடியாதோ என வாசகர் வினவலாம். முடியும். தஞ்சாவூரிற் பிறந்த சைமன் சுந்தரராஜ் 1960ஆம் ஆண்டு ரோம் ஒலிம்பிக்கில் பெரு நாட்டுக்கு எதிராகக் கோல் போட்டவர். 1973இல் கேரள மாநிலம் முதன்முறையாகச் சந்தோஷ் கிண்ணத்தை வென்றபோது அதன் பயிற்றுநர் அவரே. ஆகவே ஆடிய புகழ் ஒரு தடையன்று. ஆனால் அதுவே தகுதியும் அன்று. தான் செய்வதும் பிறரைச் செய்விப்பதும் வெவ்வேறு கலைகள். நன்றாகக் கணக்குச் செய்யும் மாணவர் அனைவரும் நல்ல கணித ஆசிரியராகிவிடுவதில்லை என்பதைக் கல்லூரிகளில் நாள்தோறும் காண்கிறோம்.

நம் நாட்டின் நிலை

இனி இலங்கைக்கு வருவோம். நமது தேசிய அணிக்கு 2018இல் பக்கீர் அலி பயிற்றுநரானார். இந்தியாவிலும் வங்காளதேசத்திலும் ஆடிப் பெயர்பெற்றவர் அவர். 2020இல் அவுஸ்திரேலியாவிலிருந்து வந்த அமீர் அலாகிக் பொறுப்பேற்றார். 2022இல் மான்செஸ்டர் சிற்றி அணியின் முன்னாட் தலைவராகிய ஸ்கொத்லாந்துக்காரர் அன்டி மொறிசன் அமர்த்தப்பட்டார். நான்காண்டுகளில் மூன்று பயிற்றுநர்கள்! போதாததற்கு, நிர்வாகத்தில் வெளியார் தலையீடு காரணமாக உலக உதைபந்தாட்டச் சம்மேளனம் 2023 ஜனவரி முதல் ஓகஸ்ட் வரை நமது நாட்டை இடைநிறுத்தியும் வைத்தது.

இக்காலத்து ஆட்டமொன்றை இங்கு நினைவூட்டுவது பொருந்தும். 2021 ஜூன் மாதத்தில், உலகக் கிண்ணத் தகுதிச் சுற்றிலே லெபனானிடம் இலங்கை 3க்கு 2 எனத் தோற்றது. ஏட்டிலே அது தோல்வி. ஆயினும் அச்சுற்றில் இலங்கை போட்ட கோல்கள் அந்த இரண்டு மட்டுமே. இரண்டையும் போட்டவர் ஜெர்மனியிற் பிறந்து அங்கேயே ஆட்டம் பயின்ற வசீம் ராசீக்.

இது மகிழ்ச்சிக்குரிய செய்திதான். ஆனால் சிந்தனைக்கும் உரியது. கோல் போடுங் கலையை நம் இளைஞனொருவன் கடல் கடந்த நாட்டிலே கற்றுவர வேண்டியிருந்தது. கண்டக்குழி போன்ற கரையொன்றில் வெறுங்காலோடு பந்தை உதைக்கும் சிறுவனுக்கு அதனைக் கற்பிப்பவர் யார்? தேசியப் பயிற்றுநரின் நியமனத்தைப் பற்றிப் பத்திரிகைகள் பலவும் எழுதுகின்றன. பாடசாலைக்கும் ஊர்க்கழகத்துக்கும் யாரை அமர்த்துகிறார்கள் என்பதை எவரும் கவனிப்பதில்லை. அடித்தளம் அங்கேயே இடப்படுகிறது.

கேட்கத்தக்க வினாக்கள்

அங்ஙனமாயின் விண்ணப்பதாரரை எவ்வாறு சோதிப்பது? குழுவினர் கைக்கொள்ளத்தக்க சில வழிகளைக் கூறுவோம்.

முதலாவதாக, அவருடைய வெற்றிகளை எண்ணுவதற்கு முன்னர், அவரிடம் இருந்த வீரர்கள் எத்தகையோர் என்று கேட்டறிய வேண்டும். வலிய அணியைப் பெற்று வென்றவரைவிட, மெலிந்த அணியைப் பெற்று அதனை ஆண்டுக்காண்டு முன்னேற்றியவர் மேலானவராதல் கூடும்.

இரண்டாவதாக, நமது அணி கடைசியாக ஆடிய ஆட்டத்தின் படத்தை அவருக்குக் காட்டி, எதனை மாற்றுவீர் என வினவ வேண்டும். ஆட்டக்காரரின் குறைகளை மட்டும் அடுக்குபவர் ஒருவகை. இந்தப் பையனை இரண்டடி முன்னே நிறுத்தினால் அந்தப் பந்து இவனுக்கு வந்துசேரும் என்று காட்டுபவர் மற்றொரு வகை. நமக்கு வேண்டியவர் பின்னவரே.

மூன்றாவதாக, ஒரு மணிநேரம் நம் வீரர்களுக்குப் பயிற்சியளிக்கச் செய்து, குழுவினர் ஓரமாக நின்று பார்க்க வேண்டும். அவர் எத்தனை சொற்களைப் பேசுகிறார், பையன்கள் எத்தனை முறை பந்தைத் தொடுகிறார்கள் என்பவற்றை எண்ணினாலே பல உண்மைகள் புலப்படும். தமிழும் சிங்களமும் பேசுவோர் கலந்து ஆடும் இப்பகுதி அணிகளிலே, இருசாராருக்கும் விளங்கும்படி அவர் சொல்லுகிறாரா என்பதையும் நோக்க வேண்டும்.

நான்காவதாக, உமது முதன்மையான முன்னணி வீரன் நாளைக்குக் காயமுற்றால் என் செய்வீர் எனக் கேட்க வேண்டும். வால்ஷும் ரஹீமும் செயலால் விடையிறுத்த வினா இதுவே.

ஐந்தாவதாக, அவரிடம் முன்பு பயின்றோரைத் தேடி விசாரிக்க வேண்டும். சிறப்பாக, அணியிலே இடம் கிடைக்காத மாற்று வீரரை விசாரிக்க வேண்டும். தன்னை இருக்கையில் அமர்த்தியவரைப் பற்றியும் ஒருவன் மதிப்போடு பேசுவானாயின், அம்மதிப்பு எந்தச் சான்றிதழுக்கும் குறைந்ததன்று.

சான்றிதழ் வேண்டாமென்று நாம் சொல்லவில்லை. சிறுவர்களின் உடலைக் காயப்படாமற் காப்பதற்கும், பயிற்சியைப் படிமுறையாக அமைப்பதற்கும் முறையான கல்வி இன்றியமையாதது. சான்றிதழ் வாயிற்கதவைத் திறக்கட்டும். ஆசனத்தை அளிப்பது மைதானத்துச் சோதனையாக இருக்கட்டும்.

காற்றை அறிந்தவர்

கற்பனையில் வந்த மூவரையும் இப்போது காற்று வீசும் கண்டக்குழி மணலிலே நிறுத்திப் பார்ப்போம். பழைய ஆட்டக்காரர் தாம் அந்நாளில் உதைத்த உயரமான நெடும்பந்துகளையே பையன்களிடமும் எதிர்பார்க்கலாம். கடற்காற்று அவற்றைத் திசைமாற்றிவிடும். சான்றிதழ் பெற்றவர் புற்றரை மைதானத்துக்கென எழுதிய பாடத்தை மாற்றமின்றி ஒப்பிக்கலாம். மணலிலே பந்து அவ்வாறு உருளாது. காற்றோடு ஆடும் பாதியில் ஒருவிதமாகவும், காற்றை எதிர்க்கும் பாதியில் பந்தைக் காலருகே வைத்துக் குறுகக் கொடுத்து வேறுவிதமாகவும் ஆடக் கற்பிப்பவர் எவரோ, அவரே நமக்கு உரியவர். அவர் முதலாமவராகவும் இருக்கலாம்; மூன்றாமவராகவும் இருக்கலாம். மூவரையும் மணலில் இறக்கிப் பார்த்தாலன்றி அது தெரியவராது.

இதனை வாசிக்கும் மாணவருள் பலர் நாளைக்குப் பாடசாலைகளிலும் கழகங்களிலும் நியமனக் குழுக்களில் அமரப்போகிறவர்கள். பெற்றோருட் சிலர் இன்றே அமர்ந்திருப்பீர்கள். விண்ணப்பத் தாள்களைப் புரட்டும்போது, இவர் யாருடைய பக்கத்தில் இருந்தார் என்று கேட்பதை ஒருகணம் நிறுத்துங்கள். தமக்குக் கிடைத்தவர்களைக் கொண்டு இவர் என்ன செய்தார் என்று கேளுங்கள். அந்த ஒரு வினாவில் ஒரு சிறுவனின் எதிர்காலம் அடங்கியிருத்தல் கூடும்.