புளித்த தீனியும் கோழிக் கணக்கும்

நெசவாளர் வீட்டுக் கொல்லையில் நாலு கோழிகள் மேய்வது புதுமையன்று. மழைக்காலத்தில் குழித்தறியில் நீர் ஊறி வேலை நின்றிருக்கும் நாட்களில், முட்டை விற்ற காசே உப்பு புளிக்கு உதவுவதைத் தணிக்கைக்குச் செல்லும் ஊர்களில் நான் கண்டு வருகிறேன். அக்காசின் பெரும்பகுதியைத் தீனியே விழுங்கிவிடுமானால் கோழி வளர்ப்பதில் ஆதாயம் ஏது? தானியத்தைப் புளிக்கவைத்துக் கொடுத்தால் தீனிச் செலவு பாதியாகக் குறையும் என்று கேள்வியுற்ற அங்கத்தினர் சிலர், அது மெய்தானா என்று வினவினர். பாதியாகக் குறையாது. ஆயினும் அம்முறையில் பயன் உண்டு.

நீராகாரமும் இட்லி மாவும் புளிப்பது எவ்வாறோ அவ்வாறே தானியமும் புளிக்கிறது. தானியத்தின் மேல் இயல்பாகவே உள்ள நுண்ணுயிர்கள் நீரில் பெருகி லாக்டிக் அமிலத்தை உண்டாக்குகின்றன. அவ்வமிலம் ஸால்மொனெல்லா போன்ற கிருமிகளை அடக்குகிறது. மேலும், தானியத்திலுள்ள மணிச்சத்தின் பெரும்பகுதி பைட்டிக் அமிலமாகக் கட்டுண்டு கிடப்பதால் கோழிக்கு எளிதில் கிட்டுவதில்லை. ஊறிப் புளிக்கையில் அக்கட்டு தளர்கிறது. டென்மார்க்கில் முட்டைக் கோழிகளைக் கொண்டு நடத்தப்பெற்று 2009-இல் வெளியான ஆய்வில், புளித்த தீனியால் முட்டைகளின் எண்ணிக்கை கூடவில்லை. முட்டையின் எடையும் ஓட்டின் உறுதியும் ஓரளவு மேம்பட்டன. பழக்கமில்லாத ஈரத் தீனியைப் பெற்ற கோழிகள் ஒன்றையொன்று கொத்திக்கொண்டதும் அதில் காணப்பட்டது. ஆகவே சிறிது சிறிதாகவே பழக்குதல் வேண்டும்.

இனி, கணக்கு. ஒரு கிலோ கம்பு ஊறிய பின் ஏறத்தாழ ஒன்றரைக் கிலோ நிறுக்கும். கூடிய அரைக்கிலோ தண்ணீரேயன்றித் தீனியன்று! இதைச் சேமிப்பென்று வரவு வைப்பது, தறியில் ஏறாத பாவைத் துணி இருப்பில் காட்டுவதற்கு ஒப்பாகும். சிந்திச் சிதறுவது குறைவதும், உண்டது நன்கு செரிப்பதுமே மெய்யான மிச்சம். முட்டையிடும் கோழிக்கு நாளொன்றுக்கு 100 முதல் 120 கிராம் வரை தீனி வேண்டும். மேயும் கோழிக்கு அதில் ஒரு பகுதி வெளியில் கிட்டிவிடும். ஊறப்போடுமுன் உலர்ந்த தானியத்தையே நிறுத்து எழுதி வருக.

செய்முறை எளிது. மண்பானையிலோ பீங்கான் ஜாடியிலோ கம்பு, சோளம், நொய் முதலியவற்றை இட்டு, இரண்டு விரற்கடை மேலே நிற்குமாறு நீர் ஊற்றித் துணியால் வேடு கட்டுக. செம்பு, பித்தளை, அலுமினியப் பாத்திரங்கள் ஆகா. காலையும் மாலையும் கிளறிவிட்டால், நம் வெயிலுக்கு இரண்டு மூன்று நாட்களில் பக்குவமாகும். பழஞ்சோற்று நீரின் இனிய புளிப்பு வாடை வீசுதல் வேண்டும். அடுத்த பானைக்கு உறையாக ஓர் அகப்பை நீரை எடுத்து வைக்கலாம். நீரை வடித்து, அரைமணி நேரத்தில் தின்று முடிக்கும் அளவே வைத்து, மீந்ததை அகற்றிவிடுக.

அழுகல் நாற்றமோ, பச்சை, கருமை நிறப் பூசணமோ கண்டால் பானையோடு கொட்டிவிடுதலே சிக்கனம். பூசணம் பிடித்த மலிவுத் தானியத்தைப் புளிக்கவைத்துத் திருத்திவிடலாம் என்று சிலர் எண்ணுவது பெரும் தவறு. 1960-இல் இங்கிலாந்தில் இலட்சம் வான்கோழிகள் மடிந்தன. அவற்றின் தீனியில் சேர்ந்த கடலைப் புண்ணாக்கில் இருந்த பூசண நஞ்சே காரணம். அந்நஞ்சைப் புளிப்பு போக்கிவிடும் என்று நம்பியிருத்தல் ஆகாது.

பாவுக்கிட்ட கஞ்சியின் மிச்சத்தைச் சேர்க்கலாமா என்று ஓர் அம்மையார் கேட்டார். நல்ல கேள்வி. வெறும் அரிசிக் கஞ்சியாயின் தடையில்லை. கெடாதிருக்க மயில்துத்தம் கலந்ததாயின் அதைக் கோழி அண்டவும் விடலாகாது.

தானியம் மட்டும் கோழிக்குப் போதாது. கம்பிலும் சோளத்திலும் புரதம் நூற்றுக்குப் பத்துப் பங்கு அளவே உண்டு. முட்டையிடும் கோழிக்கோ பதினாறு பங்கு வேண்டும். பூசணமற்ற புண்ணாக்கு, கரையான், முருங்கைக்கீரை ஆகியவற்றால் அக்குறையை நிரப்புக. முட்டை ஓட்டுக்குரிய சுண்ணாம்புச் சத்துக்குக் கிளிஞ்சலை நொறுக்கித் தனிச் சட்டியில் வைத்தால் வேண்டிய கோழி கொத்திக்கொள்ளும்.

வெள்ளைக் கழிச்சலுக்குப் புளித்த தீனி மருந்தன்று. அந்நோய்க்கு உரிய தடுப்பு மருந்தைக் கால்நடை மருந்தகத்தில் கேட்டுக் காலத்தில் போட்டுக்கொள்ளுதல் வேண்டும்.