லாரி மண்ணில் வந்தது டைனோசர் முட்டையா?
தெருவில் கூட்டம் கூடுமுன் பார்க்க வேண்டியது என்ன?

திருவள்ளூர், கும்மிடிப்பூண்டி பக்கம் மனை வாங்கியவர்கள் முதலில் செய்யும் வேலை, லாரி லாரியாகச் சவுடும் கிராவலும் கொட்டுவதுதான். அந்த மண்ணில் சில சமயம் முட்டை மாதிரி உருண்டைக் கல் வரும். மரக்கட்டை மாதிரிக் கல்லும் வரும். உடனே "டைனோசர் முட்டையாம்!" என்று தெருவே கூடிவிடும்.

இதே பரபரப்பு 2020 அக்டோபரில் பெரம்பலூர் மாவட்டம் குன்னத்தில் நடந்தது. மண் வெட்டிய இடத்தில் பெரிய பெரிய உருண்டைகள். செல்போனில் படம் பறந்தது. நிபுணர்கள் பார்த்தார்கள். முட்டை இல்லை! அம்மோனைட் என்ற கடல் பிராணியைச் சுற்றி வண்டல் படிந்து இறுகிய கற்கள். ஊருக்கு ஏமாற்றம்தான். ஆனால், பெரம்பலூர் ஒரு காலத்தில் கடலாகக் கிடந்தது என்பதற்கு அந்தக் கல்லே சாட்சி!

நம்ம ஊர்ச் சரக்கு

திருவள்ளூர் வட்டாரமும் லேசுப்பட்டது இல்லை. ஸ்ரீபெரும்புதூர் பக்கத்துக் களிப்பாறையைப் பிளந்தால் இலை அச்சு கிடைக்கும். பங்களா வாசலில் அழகுக்கு வைக்கிறார்களே சைக்கஸ் செடி, கிட்டத்தட்ட அந்த ஜாடை. வயது 10 கோடி ஆண்டுக்கும் மேல்!

பூண்டி ஏரிக்கு அருகே அதிரம்பாக்கம். 1863-ல் ராபர்ட் புரூஸ் பூட், வில்லியம் கிங் என்ற இரு வெள்ளைக்கார அதிகாரிகள் கற்கோடரிகளைக் கண்டெடுத்த ஊர். பிற்காலத்தில் சாந்தி பப்பு குழுவினர் அங்கே குழி வெட்டியபோது குதிரை, எருமை, நீலமான் வகைப் பற்கள் கல்லாகிக் கிடைத்தன. அங்குள்ள பழைய கருவிகளின் வயது சுமார் 15 லட்சம் ஆண்டு என்று 2011-ல் அறிவித்தார்கள். எப்படிச் சொன்னார்கள்? எந்த மண்ணடுக்கில், எத்தனை அடி ஆழத்தில் கிடந்தது என்ற கணக்கு கையில் இருந்தது.

லாரி மண்ணில் வரும் கல்லுக்கு அந்தக் கணக்கு கிடையாது. கொலை நடந்த வீட்டைக் கழுவிவிட்டுப் போலீசைக் கூப்பிட்ட கதைதான்!

நிஜமா, போலியா?

கல்மரம் என்றால் மர ரேகையும் வளையமும் தெரியும். தூக்கினால் கல்லின் கனம் இருக்கும். எலும்பு என்றால் உடைந்த பக்கத்தில் தேன்கூடு போலச் சின்னச் சின்னத் துளைகள். நாக்கில் வைத்தால் ஒட்டும் என்று சில நிபுணர்கள் நக்கியே பார்ப்பார்கள். நமக்கு அது வேண்டாம்.

பலரும் ஏமாறுவது, கல் வெடிப்பில் கறுப்பாகச் செடிபோலப் படர்ந்திருக்கும் கோலத்தைப் பார்த்துத்தான். அது செடியே இல்லை. மாங்கனீசு கலந்த தண்ணீர் ஊறி ஊறி வரைந்தது. இலை என்றால் நடு நரம்பு இருக்க வேண்டுமே!

சந்தேகமான கல்லை ஆசிட் ஊற்றிக் கழுவாதீர்கள். சுத்தியலால் தட்டாதீர்கள். குழியிலேயே கண்டால் எடுக்காமல், பக்கத்தில் ஒரு ஸ்கேலை வைத்துப் போட்டோ எடுங்கள். ஆழத்தை எழுதி வையுங்கள். லாரியில் வந்திருந்தால், எந்த ஏரி, எந்தக் குவாரி மண் என்று டிரைவரிடம் அன்றைக்கே கேளுங்கள். மறுநாள் கேட்டால் அவருக்கே ஞாபகம் இருக்காது.

ஒப்பிட்டுப் பார்க்க எழும்பூர் அருங்காட்சியகத்தில் நிலவியல் பிரிவு உண்டு. கருவி போலக் கூராக இருந்தால், 1985-ல் தொடங்கிய பூண்டி தொல்பழங்கால அருங்காட்சியகத்தில் அதன் ஜோடியைப் பார்க்கலாம். புதைபடிவம்தானா என்று உறுதி செய்ய இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையின் சென்னை அலுவலகத்தில் விசாரிக்கலாம். போகும்போது போட்டோவும் ஆழக் கணக்கும் கையில் இருக்கட்டும். அங்கே முதல் கேள்வியே "எங்கே கிடைத்தது?" என்பதாகத்தான் இருக்கும்.