பாட்டு ஒன்று, பிளக்-இன் நூறு!

வீட்டு ஸ்டூடியோ நடத்தும் இளைஞர்கள் எதை வைத்துக்கொள்வது? எதை விடுவது?

தாராவி, சயான் கோலிவாடா, செம்பூர், முலுண்ட், டோம்பிவிலி என்று மும்பையைச் சுற்றித் தமிழர்கள் வாழும் பகுதிகளில் இன்று பத்துக்குப் பத்து அறையிலேயே பாட்டுகள் பதிவாகின்றன. ஒரு கம்ப்யூட்டர், ஒரு மைக், ஒரு ஹெட்போன். ஸ்டூடியோ என்பது இவ்வளவுதான். கோயில் கொடைக்கு அம்மன் பாட்டு, விநாயகர் சதுர்த்தி மண்டலுக்கு ஒரு பாட்டு, குறும்படத்துக்குப் பின்னணி இசை, 'ராப்' பாட்டு எல்லாம் இங்கிருந்தே புறப்படுகின்றன. 2018ல் வெளிவந்த 'காலா' படப் பாடல்களில் தாராவி ராப் இளைஞர்கள் பங்கு பெற்றது வாசகர்களுக்கு நினைவிருக்கும்.

இந்த இளைஞர்களைக் கேட்டால் கருவி இல்லை என்று யாரும் குறைப்படுவதில்லை. இருக்கிற கருவிகளில் எதைப் பயன்படுத்துவது என்று தெரியாமல் திண்டாடுவதுதான் பெரும் பாடு. கொடைக்கு நாள் குறித்தாகிவிடும், அழைப்பிதழும் அச்சாகிவிடும். பாட்டு மட்டும் முடிந்திருக்காது. காரணம் கேட்டால், "குரலுக்கு எந்த பிளக்-இன் போடுவது என்று பார்த்துக்கொண்டிருக்கிறேன்" என்று பதில் வரும்.

பிளக்-இன் என்றால் என்ன?

இது சுவரில் செருகும் மின்சார பிளக் அல்ல. கியூபேஸ், லாஜிக், புரோ டூல்ஸ், எஃப்.எல். ஸ்டூடியோ, ரீப்பர் போன்றவை ஒலிப்பதிவுக்கான மென்பொருள்கள். இவற்றுக்குள் செருகிக்கொள்ளும் சிறு மென்பொருளுக்கே பிளக்-இன் என்று பெயர். தமிழில் செருகுநிரல் எனலாம்.

ஒவ்வொன்றுக்கும் ஒரு வேலை உண்டு. குரலில் கனத்தையும் கூர்மையையும் கூட்டிக் குறைப்பது 'ஈக்வலைசர்'. பாடகர் ஒரு வரியை உரக்கவும் அடுத்த வரியை மெல்லவும் பாடினால், இரண்டையும் ஓரளவு சமப்படுத்துவது 'கம்ப்ரசர்'. பெரிய மண்டபத்தில் பாடுவது போன்ற எதிரொலியைச் சேர்ப்பது 'ரிவர்ப்'. சொன்ன சொல்லைச் சற்றுத் தள்ளித் திரும்பக் கேட்கச் செய்வது 'டிலே'. ஒலி எல்லை மீறிக் கரகரக்காமல் தடுப்பது 'லிமிட்டர்'. சுருதி விலகினால் இழுத்துச் சேர்ப்பது 'டியூனர்'.

அன்று பெட்டி, இன்று பட்டியல்

தார்தேவ் ஃபிலிம் சென்டரிலும் பாந்த்ரா மெஹபூப் ஸ்டூடியோவிலும் இந்திப் படப் பாடல்கள் பதிவான காலத்தில், ஒரு சாதனம் என்றால் ஒரு பெட்டி. அது ஒரு குரலுக்குப் போய்விட்டால் அதே நேரத்தில் இன்னொரு வாத்தியத்துக்குக் கிடைக்காது. எனவே எதை எதற்குக் கொடுப்பது என்பதை ஒலிப்பதிவாளர் முதலிலேயே தீர்மானித்தாக வேண்டும். வெளிநாட்டிலும் இதே கதைதான். லண்டனில் பீட்டில்ஸ் குழுவினர் 1967ல் வெளியிட்ட 'சார்ஜண்ட் பெப்பர்' இசைத்தட்டு, நான்கே டிராக் கொண்ட நாடா இயந்திரங்களில் பதிவானது.

கம்ப்யூட்டர் வந்தபின் நிலைமை மாறியது. 1992ல் இஸ்ரேலில் 'வேவ்ஸ்' நிறுவனம் தொடங்கி, ஒலிப்பதிவுக்கான பிளக்-இன்களை விற்கலாயிற்று. 1996ல் ஜெர்மனியின் ஸ்டைன்பர்க் நிறுவனம் கியூபேசுடன் 'வி.எஸ்.டி.' என்ற முறையைக் கொண்டுவந்தது. இந்த முறைப்படி வெளியாரும் பிளக்-இன் எழுதலாம் என்று வழி திறந்ததால், உலகெங்கும் பெரிய நிறுவனங்களும் தனி மனிதர்களும் எழுதத் தொடங்கினர். 1997ல் 'ஆட்டோ-டியூன்' வந்தது. பூமிக்கடியில் எண்ணெய் தேடுவதற்கான ஒலி அலைக் கணக்குகளில் தேர்ந்த ஆண்டி ஹில்டபிராண்ட் என்பவர் உருவாக்கியது அது. 1999ல் வாத்தியங்களே பிளக்-இன்னாக வந்துவிட்டன.

இன்று ஒரு ஈக்வலைசரை ஒரே பாட்டில் ஐம்பது டிராக்கில் போடலாம். ஐம்பது வகை ஈக்வலைசரையும் போடலாம். அன்று பெட்டியின் எண்ணிக்கை வகுத்த எல்லையை இன்று நாமே வகுத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது.

ஒரே பெட்டிக்கு எத்தனை நகல்!

ஓர் உதாரணம் பார்ப்போம். 1960களில் அமெரிக்காவில் 'டெலிட்ரானிக்ஸ் எல்.ஏ.-2ஏ' என்ற கம்ப்ரசர் வந்தது. உள்ளே ஒளிரும் ஒரு பொருளும் அந்த ஒளியை உணரும் ஒரு செல்லும் உண்டு. குரல் உயர்ந்தால் ஒளி கூடும். ஒளி கூடினால் சத்தம் குறையும். இந்த செல் ஒளிக்கு மெதுவாகவே ஈடுகொடுப்பதால் குரலில் வெட்டுத் தெரியாது. முக்கியமான திருகுகள் இரண்டே இரண்டுதான். அதே பத்தாண்டின் கடைசியில் பில் புட்னம் என்பவர் '1176' என்ற கம்ப்ரசரை உருவாக்கினார். இது டிரான்சிஸ்டரில் இயங்குவது. விநாடியில் மிகச் சிறு பகுதிக்குள் பாய்ந்து பிடிக்கும். டிரம், வேகமான ராப் போன்றவற்றுக்கு ஏற்றது.

இந்த இரண்டு பெட்டிகளின் வேறுபாடு உண்மையானது; காதுக்குத் தெரியக்கூடியது. ஆனால் எல்.ஏ.-2ஏ பெட்டியைப் பின்பற்றி யுனிவர்சல் ஆடியோ, வேவ்ஸ், ஐ.கே. மல்டிமீடியா, நேட்டிவ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் என்று பல நிறுவனங்கள் பிளக்-இன் விற்கின்றன. இந்த நகல்களுக்குள் உள்ள வேறுபாடு மிக நுட்பமானது. பாட்டு முழுவதும் கலந்தபின் பெரும்பாலோருக்கு அது புலப்படாது. வேகமான வகை ஒன்று, மெதுவான வகை ஒன்று என்று இரண்டு வைத்திருப்பதில் அர்த்தம் உண்டு. மெதுவான வகையிலேயே நான்கு நகல் வைத்திருப்பதால் பயன் என்ன?

இதில் வேடிக்கை, பலரிடம் இந்த இரண்டு வகையும் ஏற்கெனவே இருக்கும், அவர்களுக்குத் தெரியாது. லாஜிக் மென்பொருளுடன் வரும் கம்ப்ரசரைத் திறந்தால் அதற்குள்ளேயே ஏழு வகை இருக்கின்றன. ரீப்பருடன் ஈக்வலைசர், கம்ப்ரசர், ரிவர்ப், டிலே, லிமிட்டர், டியூனர் எல்லாமே சேர்ந்தே வருகின்றன. ரீப்பருக்கான சலுகை உரிமம் 60 டாலர்தான்; 60 நாள் இலவசமாகப் பார்க்கவும் அனுமதி உண்டு. வெளியிலிருந்து எடுப்பதானாலும் 'டி.டி.ஆர். நோவா' ஈக்வலைசர், 'வல்ஹால்லா சூப்பர்மாசிவ்' ரிவர்ப் போன்ற தரமானவை விலையின்றியே கிடைக்கின்றன.

நஷ்டம் மூன்று வகை

முதல் நஷ்டம் நேரம். குரலுக்கு ரிவர்ப் தேடிப் பத்து வகையை மாற்றி மாற்றிப் போட்டுக் கேட்பதற்குள் காது களைத்துவிடும். களைத்த காது கூர்மையான ஒலியைச் சரியாக உணராது. அந்த நேரத்தில் எடுத்த முடிவு மறுநாள் காலையில் தவறாகத் தெரியும். மீண்டும் முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

இரண்டாவது பணம். ஆண்டுதோறும் நவம்பரில் பெரிய தள்ளுபடி விற்பனை நடக்கிறது. நூறு டாலர் சாமான் இருபது டாலருக்கு வரும்போது, தேவையில்லாததையும் வாங்கிப் போட்டுவிடத் தோன்றும். போதாக்குறைக்கு மாதச் சந்தா முறை வேறு பரவிவருகிறது. 2023 மார்ச்சில் வேவ்ஸ் நிறுவனம் இனிச் சந்தா மட்டும்தான் என்று அறிவித்தது. வாங்கியவர்களிடமிருந்து கிளம்பிய எதிர்ப்பைக் கண்டு, சில நாட்களிலேயே பழையபடி நிரந்தர உரிமத்தையும் விற்க முன்வந்தது. சந்தாவில் எடுத்ததைச் சந்தா நின்றதும் திறக்க முடியாது என்பதை மறக்கக் கூடாது.

மூன்றாவது நஷ்டம் பழைய பாட்டு. கம்ப்யூட்டரை மாற்றினால் பழைய பிளக்-இன் ஓடாமல் போகலாம். 2019ல் ஆப்பிள் நிறுவனம் 'கேட்டலினா' இயங்குதளத்தை வெளியிட்டபோது 32 பிட் மென்பொருள்களுக்கு ஆதரவை நிறுத்தியது. அதை ஏற்றிக்கொண்ட கம்ப்யூட்டர்களில் பழைய பிளக்-இன்கள் இயங்கவில்லை. பாட்டில் எத்தனை வெளி பிளக்-இன் இருக்கிறதோ அத்தனை இடத்தில் ஆபத்து.

இவை தவிர, திருட்டுப் பிரதி வைத்திருப்போரும் உண்டு. வைரஸ் புகுந்து மாதக்கணக்கில் செய்த வேலை அழிய அது ஒன்றே போதும். இலவசமாகவே நல்லவை கிடைக்கும்போது அந்தச் சங்கடம் எதற்கு?

கம்ப்யூட்டர் திணறும்

ஒலிப்பதிவில் ஒரு விநாடியை 44,100 துளிகளாக வெட்டுகிறார்கள். கம்ப்யூட்டர் அவற்றை ஒரு கட்டாகச் சேர்த்துச் சேர்த்து வேலை செய்கிறது. ஒரு கட்டில் 256 துளி என்றால் விநாடியில் ஆயிரத்தில் ஆறு பங்கு நேரம் ஆகும். பிளக்-இன் கூடக் கூடக் கம்ப்யூட்டர் மூச்சு வாங்கி, 'டப் டப்' என்று சத்தம் வரும். அதைத் தவிர்க்கக் கட்டை 1,024 ஆக்கினால் ஆயிரத்தில் 23 பங்காகிறது. உள்ளே போய் வெளியே வருவதற்குள் இது இரட்டிக்கும். பாடுகிறவர் தன் குரலையே ஹெட்போனில் தாமதமாகக் கேட்பார், தாளம் தப்பும். எனவே, பாடிப் பதிவு செய்யும் வேளையில் முடிந்த அளவு பிளக்-இன்களை அணைத்து வைப்பதே நல்லது.

காது ஏமாறும் விதம்

புதிய பிளக்-இன்னைப் போட்டவுடன் பாட்டு எடுப்பாகக் கேட்கிறதே, அது எப்படி? பல வேளைகளில் அது சத்தத்தைச் சற்றே கூட்டியிருக்கும், அவ்வளவுதான். ஃபிளெட்சர், மன்சன் என்ற அமெரிக்க விஞ்ஞானிகள் இருவர் 1933ல் காதின் இயல்பை அளந்து வெளியிட்டனர். சத்தம் குறைவாக இருக்கும்போது கீழ் ஸ்தாயி ஒலி காதுக்கு எட்டுவது குறைவு. சத்தம் கூடும்போது அது நிறைவாகக் கேட்கும் என்பது அவர்கள் கண்டது. ஆகவே சற்று உரக்க ஒலிப்பது எதுவும் நல்லதாகவே தோன்றும்.

இதற்குப் பரிகாரம் எளிது. இரண்டு பிளக்-இன்னை ஒப்பிடும்போது இரண்டின் சத்தத்தையும் முதலில் சமமாக்குங்கள். பிறகு நண்பர் ஒருவரை மாற்றி மாற்றிப் போடச் சொல்லி, திரையைப் பார்க்காமல் கேளுங்கள். எது எது என்று சொல்ல முடியாவிட்டால் இரண்டில் ஒன்று தேவையில்லை என்று பொருள்.

எப்படித் தேர்ந்தெடுப்பது?

முதலில், பட்டியலைத் திறப்பதற்கு முன் குறையைச் சொல்லிப் பாருங்கள். "குரலில் மூக்கொலி தெரிகிறது", "இரண்டாவது வரி அமுங்குகிறது" என்று ஒரு வாக்கியத்தில் சொல்ல முடிந்தால் எந்தக் கருவி வேண்டும் என்பது தானே தெரியும். சொல்ல முடியாவிட்டால் எந்த பிளக்-இன்னும் வேண்டாம்.

இரண்டாவது, வேலைக்கு ஒன்று என்று வைத்துக்கொள்ளுங்கள். மேலே சொன்ன ஆறு வேலைக்கு ஆறு. கம்ப்ரசரில் மட்டும் வேகமானது ஒன்று, மெதுவானது ஒன்று. ஆக ஏழு. மென்பொருளில் 'விருப்பப் பட்டியல்' ஏற்படுத்தி இந்த ஏழை மட்டும் அதில் வையுங்கள். மற்றவற்றை அழிக்க வேண்டியதில்லை. கண்ணில் படாமல் இருந்தால் போதும்.

மூன்றாவது, இந்த ஏழை வைத்தே மூன்று பாட்டை முழுதாக முடியுங்கள். மூன்றிலும் ஒரே குறை தட்டுப்பட்டால் அதற்கு மட்டும் புதிதாக வாங்கலாம். பெரும்பாலான நிறுவனங்கள் சில நாட்கள் சோதித்துப் பார்க்க இலவச அனுமதி தருகின்றன. கையிலுள்ள உண்மையான பாட்டில் போட்டுப் பார்த்த பிறகே பணம் கட்டுங்கள்.

நான்காவது, பாட்டு முடிந்ததும் ஒவ்வொரு டிராக்கையும் தொடக்கத்திலிருந்து தனித்தனி 'வேவ்' கோப்பாக மாற்றி வேறொரு ஹார்டு டிஸ்கில் சேமியுங்கள். பத்து ஆண்டு கழித்து எந்த பிளக்-இன் மறைந்தாலும் பாட்டு இருக்கும்.

அறையைக் கவனியுங்கள்

வாங்க வைத்திருந்த பணத்தில் ஒரு பகுதியை அறைக்குச் செலவிடுவது புத்திசாலித்தனம். மும்பையின் சிறு அறைகளில் வெற்றுச் சுவரும் தகரக் கூரையும் குரலை எதிரொலிக்கும். மின்விசிறி, பக்கத்து வீட்டு டி.வி., ரயில் என்று எல்லாச் சத்தமும் நுழையும். இவை குரலோடு ஒட்டிவிட்டால் எந்த பிளக்-இன்னாலும் முழுதாகப் பிரிக்க முடியாது. பாடுகிறவருக்குப் பின்னாலும் பக்கத்திலும் கனமான ரஜாய்களைத் தொங்கவிட்டு, விசிறியை நிறுத்தி, இரவு நேரத்தில் பாடவைத்தால் பாதி வேலை முடிந்தது. கண்டென்சர் மைக்கைவிட, மேடையில் வாயருகே பிடித்துப் பாடும் டைனமிக் மைக் இப்படிப்பட்ட அறைக்குப் பல வேளைகளில் ஏற்றது.

பாட்டு கேட்டு வந்த கோயில் கமிட்டியார், அதில் எந்த கம்ப்ரசர் இருக்கிறது என்று விசாரிக்கப் போவதில்லை. சொல் தெளிவாகக் கேட்கிறதா, கொடைக்கு முதல் நாளே கைக்கு வந்ததா என்றுதான் பார்ப்பார்கள். அடுத்த பாட்டும் உங்களிடம் வருமா என்பது அதைப் பொறுத்தே இருக்கிறது.