மரமேறியின் கயிறும் இரண்டு வளையங்களும்

துறையூர் வட்டாரத்துப் பழைய கிணறுகளின் விளிம்புக் கல்லைக் கவனித்திருக்கிறீர்களா? பல தலைமுறையாகத் தண்ணீர் சேந்திய கயிறு அந்தக் கருங்கல்லில் விரல் ஆழத்துக்குப் பள்ளம் போட்டிருக்கும். கல்லே இப்படித் தேய்ந்தால் கயிற்றின் கதி என்ன? ஒரு பள்ளம் விழுவதற்குள் எத்தனையோ கயிறுகள் அறுந்திருக்கும். இதை அறிந்துதான் நம் உழவர்கள் கவலை இறைத்த காலத்தில் மேலே வடத்துக்கு ஒரு கப்பியும், கிணற்று விளிம்பில் வால் கயிற்றுக்கு ஓர் உருளையும் வைத்தார்கள். கயிறு எதன் மேலும் உரசி ஓடாமல் உருண்டு ஓடினால் நெடுநாள் உழைக்கும் என்பது அவர்கள் கண்ட உண்மை.

அறுந்த கிணற்றுக் கயிறு வாளியோடு போகும். மரமேறியின் கயிறு அறுந்தால் மனிதரே போய்விடுவார். ஆனாலும் மரத்தில் கயிறு கட்டி வேலை செய்பவர்களில் பலர் கயிற்றைக் கிளையின் மேல் நேரே போட்டுத்தான் ஏறுகிறார்கள்.

பனையும் தென்னையும் ஏறுவதற்கு நம்மிடம் தளை உண்டு; மிதித்து ஏறும் கருவிகளும் வந்துவிட்டன. ஆனால் அவை கிளையில்லாத நெடுமரத்துக்கு உரியவை. புளி, ஆல், வேம்பு, தூங்குமூஞ்சி போன்ற கிளைபரப்பும் மரங்களுக்கு வேறு முறை வேண்டும். 2018 நவம்பர் 16 அன்று கரை கடந்த கஜா புயலுக்குப் பிறகு, முறிந்து தொங்கும் கிளைகளை வெட்டி இறக்குவது எத்தனை ஆபத்தான வேலை என்பதைக் காவிரிப் படுகை மாவட்டங்கள் நேரில் கண்டன.

உலகெங்கும் மரப் பராமரிப்பாளர்கள் கையாளும் முறை இது. உறுதியான ஓர் உயர்ந்த கிளையின் மேல் கயிற்றைப் போடுவார்கள். ஒரு முனை ஏறுபவரின் இடுப்புக் கச்சையில் கட்டப்படும். கிளையின் மறுபுறம் இறங்கும் பகுதியை, அதே கச்சையிலிருந்து வரும் ஒரு பற்று முடிச்சு கவ்விக்கொள்ளும். இவ்வகை முடிச்சுகளில் புகழ்பெற்றது ஆஸ்திரிய மலையேறி கார்ல் ப்ரூசிக் 1931இல் விளக்கியது. எடை ஏறினால் முடிச்சு இறுகும்; எடை இல்லாதபோது தள்ளினால் நகரும். இம்முறையில் ஏறும்போதும் இறங்கும்போதும் கயிறு கிளையின் மேல் ஓடிக்கொண்டே இருக்கும் என்பதை நினைவில் வையுங்கள். தொல்லை இங்கேதான் தொடங்குகிறது.

உருளையான ஒரு பொருளைச் சுற்றிச் செல்லும் கயிற்றின் இரு பக்க இழுவிசைகளுக்கும் உள்ள தொடர்பை 18ஆம் நூற்றாண்டில் கணித மேதை லியோனார்டு ஆய்லர் ஆராய்ந்தார். இரு இழுவிசைகளின் விகிதம் சுற்றுக் கோணத்தையும் உராய்வுக் குணகத்தையும் பொறுத்தது. உருளையின் பருமனைப் பொறுத்ததல்ல. சொரசொரப்பான பட்டைக்கும் கயிற்றுக்கும் குணகம் 0.5 என்று கொள்வோம். அரைச் சுற்றுக்கு விகிதம் ஏறக்குறைய 4.8 ஆகிறது. முழுச் சுற்றானால் இரண்டு மடங்கு அல்ல, 4.8ஐ 4.8ஆல் பெருக்க வேண்டும்: 23! துறைமுகத்தில் பெரிய கப்பலை ஒற்றை ஆள் கட்டுத்தறியில் நாலு சுற்றுச் சுற்றி நிறுத்திவிடுவதன் மர்மம் இதுதான்.

இனி 70 கிலோகிராம் எடையுள்ள ஒருவர் கயிற்றில் தொங்குவதாக வைத்துக்கொள்வோம். உராய்வே இல்லாவிட்டால் இரு பக்கமும் 35, 35. அவர் மேலேறத் தம் முடிச்சுப் பக்கத்தை இழுக்கிறார். பட்டையின் மேல் கயிறு கிடந்தால் அவர் 58 கிலோ எடைக்குச் சமமாக இழுக்க வேண்டும். கயிற்றை ஓர் உலோக வளையத்தின் வழியே விட்டால், குணகம் 0.2 அளவில், விகிதம் 1.9க்குள் அடங்கும், இழுக்க வேண்டியது 46 கிலோ. நல்ல கப்பியானால் 37 போதும். ஒவ்வோர் இழுப்பிலும் மிச்சமாகும் பன்னிரண்டு கிலோ, நாள் முழுதும் மரத்தில் நிற்பவரின் தோளுக்கு நன்றாகவே தெரியும்.

அப்படியானால் கப்பியே மேல் அல்லவா என்று கேட்கத் தோன்றும். இறங்குவதை எண்ணிப் பாருங்கள். இறங்கும்போது உராய்வுதான் நம் பிரேக். 70 கிலோ மனிதர் 10 மீட்டர் இறங்கினால் சுமார் 6,900 ஜூல் ஆற்றல் வெப்பமாகியே தீரும். பட்டையின் மேல் ஓடும் கயிறானால் அதில் மூன்றில் இரண்டு பங்கு கிளையிலும், மீதி முடிச்சிலும் வெளிப்படும். வளையமானால் வளையத்தில் மூன்று பங்கு, முடிச்சில் ஏழு பங்கு. கப்பியானால் கிட்டத்தட்ட எல்லாமே முடிச்சின் தலையில்! பட்டையில் பழகிய முடிச்சு கப்பிக்கு மாறியதும் வழுக்குவதும் சூடேறுவதும் இதனால்தான். சாதனத்தை மாற்றினால் முடிச்சையும் தரைக்கு அருகில் மீண்டும் சோதித்தாக வேண்டும். வளையம் ஏறவும் உதவும், இறங்கும்போதும் ஓரளவு தாங்கும் என்பதால் பலருக்கும் அதுவே ஏற்றது என்பது என் கருத்து.

வெப்பத்தைச் சற்றே கவனிப்போம். நைலான் 220 டிகிரி சென்டிகிரேடுக்கு அருகிலோ அதற்கு மேலோ உருகும்; பாலியெஸ்டர் 250க்கு மேல். ஆனால் கடைத்தெருவில் ‘நைலான் கயிறு’ என்ற பெயரில் தொங்குவது பல சமயம் பாலிப்ரொப்பிலீன் அல்லது பாலிஎதிலீன். முன்னது 165லும் பின்னது 130லும் உருகிவிடும். மாட்டைக் கட்டலாம், பந்தல் கட்டலாம். உயிரைக் கட்டக் கூடாது.

பட்டையின் கேடு வெப்பத்தோடு நிற்பதில்லை. நம் பக்கத்துச் செம்மண் புழுதியில் குவார்ட்ஸ் மணல் கலந்திருக்கிறது. பட்டையின் வெடிப்புகளில் படிந்த அந்தத் துகள், ஓடும் கயிற்றுக்குள் புகுந்து இழைகளை உள்ளிருந்தே அறுக்கும். வெளிப்பார்வைக்குக் கயிறு நன்றாகவே தெரியும். மரத்துக்கும் நஷ்டம் உண்டு. வெளிப்பட்டைக்கு அடியில் உணவைக் கொண்டுசெல்லும் புளோயமும், அதற்குள் மரத்தைப் பருக்கச் செய்யும் கேம்பியமும் மெல்லிய படலங்களாக இருக்கின்றன. அரசு போன்ற வழவழப்பான பட்டையுள்ள மரங்களில் ஒரே நாள் வேலையில் கயிறு அதுவரை அரித்துவிடும். அந்தக் காயம் பூஞ்சைக்கு வாசல்.

சாதனம் மிக எளிது. உறுதியான தட்டை நாடா ஒன்று. அதன் ஒரு முனையில் பெரிய வளையம், மறுமுனையில் சிறிய வளையம். நாடா கிளையின் மேல் அசையாமல் கிடக்கும்; இரு வளையங்களும் இருபுறமும் தொங்க, அவற்றின் வழியே கயிறு ஓடும். வளையங்கள் இரண்டும் ஒரே அளவில் ஏன் இல்லை? வேலை முடிந்து தரைக்கு வந்தபின் சாதனத்தை யார் மேலே போய் எடுப்பது? கயிற்றின் ஒரு முனையில் ஓர் உருண்டையை முடிந்து, அது பெரிய வளையத்துள் முதலில் நுழையுமாறு மறுமுனையை இழுப்பார்கள். உருண்டை பெரியதைக் கடந்து சிறியதில் சிக்கிக்கொள்ளும். மேலும் இழுக்க, நாடா கிளையை விட்டு வழுக்கி வந்துவிடும். கயிற்றின் திசை மாறினால் உருண்டை முதலில் சிறியதில் மாட்டும். சாதனம் மரத்திலேயே தங்கிவிடும். கீழே ஆட்கள் நின்றால் விலகச் சொல்வது அவசியம், ஏனெனில் வருவது உலோகம்.

வாங்கும்போது எடை தாங்கும் அளவு பொறிக்கப்பட்டிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். சங்கிலிக் கடை வளையம் உதவாது. மெல்லிய வளையத்தில் கயிறு கூர்மையாக மடிந்து இழைகள் வருந்தும். ஆய்லரின் கணக்கு பருமனைப் பொருட்படுத்தாவிட்டாலும் இழை பொருட்படுத்தும். அலுமினியம் இலேசானது, ஆனால் விரைவில் பள்ளம் விழும். எஃகு கனம், தேய்மானம் குறைவு. நாடா கிளையைச் சுற்றி வளையங்கள் தாராளமாகக் கீழே தொங்கும் நீளம் வேண்டும். பெரிய கிளைக்குக் குட்டை நாடாவைப் போட்டால் வளையங்கள் பட்டையிலேயே அழுந்தி, பழைய உராய்வே திரும்பி வரும்.

மாணவர்கள் மரமேறாமலே இதைச் சோதிக்கலாம். ஒரு கிலோ கல்லை நூலில் கட்டி, சொரசொரப்பான குச்சியின் மேல் அரைச் சுற்றாகப் போட்டு மறுமுனையை மெல்ல இழுத்துக் கல்லைத் தூக்குங்கள். பிறகு அதே நூலை ஒரு சாவி வளையத்தின் வழியே விட்டு இழுங்கள். பிறகு குச்சியில் ஒன்றரைச் சுற்றுச் சுற்றி, கல் கீழே விழாமல் நிற்க எத்தனை விசை போதும் என்று பாருங்கள். சுண்டுவிரலே போதுமாக இருக்கும்.

ஏறுபவர்கள் வேலைக்கு முன் வளையத்தின் உட்புறத்தை விரலால் தடவிப் பார்ப்பார்கள். பள்ளத்தின் ஓரம் நகத்தில் தட்டினால் அந்த வளையம் கழிக்கப்பட வேண்டும். நாடாவின் தையல் பிரிந்தாலும், வெயிலில் வெளுத்து விறைத்தாலும் அப்படியே. கழித்த கயிற்றை முழுதாகக் கொட்டகையில் போட்டு வைக்காமல் துண்டுகளாக வெட்டிவிடுகிறார்கள். முழுதாகக் கிடந்தால் அடுத்த பருவத்தில் யாராவது அதை எடுத்துக்கொண்டு புளியமரத்துக்குப் போய்விடுவார்.