செம்மண்ணில் முந்திரி: ஓட்டுக்குள் இருக்கும் பொருளாதாரம்

திண்டிவனத்துக்குத் தென்கிழக்கே, விழுப்புரம் மாவட்டத்தின் வானூர் வட்டத்தில் புதுச்சேரியை ஒட்டிக் கிடக்கும் செம்மண் மேடுகளில் முந்திரித் தோப்புகள் பரவலாகக் காணப்படுகின்றன. 1993இல் தென்னார்க்காடு மாவட்டம் பிரிக்கப்பட்டபோது, முந்திரிக்குப் பெயர்பெற்ற பண்ருட்டியும் விருத்தாசலமும் கடலூர் மாவட்டத்தைச் சேர்ந்தன என்றாலும், செம்மண்ணும் அதில் வேரூன்றிய மரமும் எல்லைக்கு இருபுறமும் ஒன்றாகவே நீடிக்கின்றன.

முந்திரியின் தாயகம் பிரேசில் நாட்டின் வடகிழக்குக் கடற்கரைப் பகுதியாகும். 16ஆம் நூற்றாண்டில் போர்த்துகீசியர் வழியாக இந்தியாவின் மேற்குக் கரைக்கு வந்த இம்மரம், மாமரத்தின் குடும்பத்தைச் சேர்ந்தது. தண்ணீர் தேங்காத நிலமாக இருந்தால், சத்துக் குறைந்த மானாவாரி மண்ணிலும் தாக்குப்பிடித்துக் காய்க்கக்கூடியது.

மஞ்சளாகவோ சிவப்பாகவோ சதைப்பற்றுடன் தொங்கும் பழம், தாவரவியல் கணக்கில் பழமே அன்று. அது பருத்துப்போன காய்க்காம்பு மட்டுமே. அதன் நுனியில் சிறுநீரக வடிவில் ஒட்டியிருக்கும் கொட்டைதான் உண்மையான கனி. உண்ணும் பருப்பு அதற்குள் இருக்கும் விதை. கொட்டையின் ஓட்டில் உள்ள நுண்ணறைகளில் பிசுபிசுப்பான, கரும்பழுப்பு நிற எண்ணெய் நிரம்பியிருக்கிறது. அனகார்டிக் அமிலம் மிகுந்த இந்த எண்ணெய், விதையைத் தின்ன வரும் உயிர்களை விரட்டுவதற்காக மரம் வைத்திருக்கும் காவலாகும். மனிதர் தோலில் பட்டாலும் அது கொப்புளம் எழுப்பிப் புண்ணாக்கிவிடும்.

முந்திரித் தொழிலின் அமைப்பு முழுவதையும் தீர்மானிப்பது இந்த ஓடுதான். கொட்டையை ஆவியில் வேகவைத்தோ வறுத்தோ பக்குவப்படுத்தி, ஒவ்வொன்றாக உடைத்து, பருப்பை உலர்த்தி, அதன் மேல் ஒட்டிய செந்தோலை நீக்கி, தரம் பிரிக்க வேண்டும். இவ்வேலைகளில் பெரும்பகுதியைப் பெண்களே செய்கின்றனர். பருப்பு முழுதாக வந்தால் ஒரு விலை, இரண்டாகப் பிளந்தால் வேறு விலை என்பதால், உடைப்பவரின் கைப்பக்குவம் நேரடியாகப் பணமாகிறது. 'டபிள்யூ 320' என்னும் தரக்குறி, ஒரு பவுண்டு, அதாவது சுமார் 454 கிராம் எடையில், 300 முதல் 320 வரை முழு வெள்ளைப் பருப்புகள் நிற்பதைக் குறிக்கும். எண் குறையக் குறையப் பருப்பின் பருமனும் விலையும் ஏறும். உடைத்த ஓட்டிலிருந்து பிழியப்படும் எண்ணெயும் வீணாவதில்லை. வண்ணப்பூச்சுகளுக்கும் வண்டிகளின் பிரேக் பட்டைகளுக்கும் அது மூலப்பொருளாகிறது.

கொட்டையின் எடையில் பருப்பு ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கு முதல் மூன்றில் ஒரு பங்கு வரை மட்டுமே தேறுவதால், விவசாயியின் வருமானம் மரத்தின் ரகத்தையும் பொறுத்தது. விதையிலிருந்து முளைத்த மரங்கள் தாய்மரத்தின் குணத்தை அப்படியே கொண்டிருப்பதில்லை. எனவே தேர்ந்த மரத்தின் கிளையை நாற்றின் இளந்தண்டில் இணைக்கும் ஒட்டுக்கட்டுதல் பரிந்துரைக்கப்படுகிறது. தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் விருத்தாசலம் ஆராய்ச்சி நிலையம் 1991இல் வெளியிட்ட வி.ஆர்.ஐ. 3 ரகம் இவ்வகையில் பெயர்பெற்றது.

2011 டிசம்பர் 30 அன்று கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையைக் கடந்த தானே புயல், பல்லாண்டு வளர்ந்த தோப்புகளை ஒரே நாளில் சாய்த்தது. ஒட்டுக்கன்று நட்டாலும் காய்ப்புக்கு வரச் சுமார் மூன்றாண்டு ஆகும்; நிறைந்த விளைச்சலுக்கு அதைவிடக் கூடுதலாகக் காத்திருக்க வேண்டும். மரம் காய்ப்புக்கு வந்தபின், கொட்டையோடு சேர்த்துக் குடும்பத்தைத் தாங்கக்கூடிய வேறொரு வருவாய், வைட்டமின் சி மிகுந்த முந்திரிப்பழத்திலேயே இருக்கிறது. கோவாவில் அது ஃபெனி என்னும் மதுவாக விலைபோக, இங்கே கொட்டையைத் திருகி எடுத்தபின் பெரும்பாலும் மரத்தடியிலேயே விடப்படுகிறது. பறித்த ஓரிரு நாளில் அழுகிவிடும் இப்பழத்தைச் சாறாகவோ பாகாகவோ மாற்றும் சிறு ஆலைகள் தோப்புகளின் அருகிலேயே அமைந்தால்தான் அந்த வருவாய் விவசாயிக்குக் கிட்டும்.