ஒரே செடி, ரெண்டு கீமோ மருந்து: நர்ஸ் எதைக் கவனிக்கணும்?

நம்ம விருத்தாசலம் பக்கம் மங்களூர்ல ரோட்டோரமா பூக்குமே நித்தியகல்யாணி, அதிலிருந்துதான் வின்பிளாஸ்டினும் வின்கிறிஸ்டினும் வருது. புற்றுசெல் ரெண்டாகப் பிரியறதைத் தடுக்குறதுதான் ரெண்டுக்கும் வேலை. பக்கவிளைவு மட்டும் வேற.

வின்பிளாஸ்டின் முக்கியமா எலும்பு மஜ்ஜையைப் பாதிக்கும், வெள்ளணு குறையும். காய்ச்சல் வந்தா நர்ஸ் உடனே டாக்டரைக் கூப்பிடணும். வின்கிறிஸ்டின் நரம்பைப் பாதிக்கும். “சட்டை பட்டன் போட முடியுதா? மலச்சிக்கல் இருக்கா?”னு கேட்டாதான் தெரியும்.

ரத்தப் புற்றுநோய்க்கு முதுகுத்தண்டுல போடுற வேற மருந்தும் உண்டு. சிரிஞ்சு மாறி வின்கிறிஸ்டின் அங்கே போனா, உயிரே போயிடும். அதனாலதான் 2007ல உலக சுகாதார நிறுவனம், சின்ன சலைன் பையில கலந்து ஏத்தச் சொல்லிச்சு. பையைப் பார்த்தா, யாருக்கும் முதுகுல போடத் தோணாதுல்ல?