பந்தயத்தில் தோற்ற பேட்டரி

ரிமோட் கார் பந்தயம் பார்த்திருக்கிறீர்களா? கையிலுள்ள கருவி ரேடியோ அலைகளால் ஆணையிட, ஒரு முழ நீளமுள்ள கார் புழுதியைக் கிளப்பிக்கொண்டு பறக்கும். ஜப்பானின் டாமியா நிறுவனம் 1976-இல் போர்ஷே 934 காரின் வடிவில் இத்தகைய மின்சாரக் கார் ஒன்றை வெளியிட்டது. பிறகு இது உலகெங்கும் பரவிய விளையாட்டாகிவிட்டது.

அரூரில் எங்கள் கல்லூரியில் நடந்த அறிவியல் கண்காட்சிக்குப் பள்ளி மாணவர்கள் இருவர் ஒரே மாதிரியான இரு கார்களைக் கொண்டுவந்தார்கள். மைதானத்தில் ஐந்து நிமிடப் பந்தயம். ஒருவனுடைய பேட்டரியில் 3200 மில்லி ஆம்பியர்-மணி என்று எழுதியிருந்தது, மற்றவனுடையதில் 5000. பெரிய எண் உள்ளவன்தான் வெல்வான் என்று எல்லோரும் நினைத்தோம். இரண்டாவது நிமிடத்திலேயே அவன் கார் தளர்ந்து பின்தங்கிவிட்டது.

"சார், மோட்டார் மட்டம். அப்பாவிடம் கேட்டு வேறு வாங்கப் போகிறேன்" என்றான் பையன். அவன் அப்பா மரவள்ளி பயிரிடுபவர். வீண் செலவு வைக்க எனக்கு மனம் வரவில்லை. "இரு தம்பி, முதலில் அளந்து பார்ப்போம்" என்றேன்.

முதலில் ஒரு கணக்கு. அந்தக் கார் சராசரியாக 20 ஆம்பியர் மின்னோட்டம் எடுப்பதாகக் கொள்வோம். ஐந்து நிமிடம் என்பது ஒரு மணியில் பன்னிரண்டில் ஒரு பங்கு. ஆகவே செலவாவது 20-ஐ 12-ஆல் வகுத்தால் வருவது, அதாவது சுமார் 1670 மில்லி ஆம்பியர்-மணி. 3200-இலேயே பாதிதான் தீரும்! 5000 என்பது இந்தப் பந்தயத்தில் சுமக்கும் பாரமே. தொட்டி எவ்வளவு பெரிது என்பதைவிடக் குழாய் எவ்வளவு அகலம் என்பதே இங்கே கேள்வி.

மின்கலத்தின் 'குழாய் அகலத்தை' அளப்பது எப்படி? ஒவ்வொரு மின்கலத்தின் உள்ளேயும் ஒரு தடை உண்டு. அதை அகத்தடை என்கிறோம். அயனிகள் மின்பகுபொருளைக் கடந்து செல்லப் படும் பாடுதான் அதற்கு முக்கியக் காரணம். மின்னோட்டம் பாயாதபோது இந்தத் தடை வெளியே தெரியாது. இரு பேட்டரிகளையும் முழுதாக மின்னேற்றி மல்டிமீட்டரை வைத்தோம், இரண்டும் 8.3 வோல்ட் காட்டின. பையன் முகம் வாடியது. பிறகு கார் முகப்பு விளக்கு பல்புகள் மூன்றைப் பக்க இணைப்பில் மாட்டி 10 ஆம்பியர் அளவுக்கு எடுத்தோம். சிறியது 8.1 வோல்ட்டில் நின்றது. பெரியது 7.6-க்கு இறங்கிவிட்டது.

இறக்கத்தை மின்னோட்டத்தால் வகுங்கள். சிறியதன் அகத்தடை 0.02 ஓம், பெரியதுக்கு 0.07 ஓம். 20 ஆம்பியர் எடுக்கும்போது சிறியது 0.4 வோல்ட்டையே இழக்கும், பெரியது 1.4 வோல்ட்டை. மின்னோட்டத்தின் வர்க்கத்தை அகத்தடையால் பெருக்கினால் வீணாகும் திறன் கிடைக்கும்: முன்னதில் 8 வாட், பின்னதில் 28 வாட். அந்த 28 வாட்டும் சக்கரத்துக்குப் போகாமல் பேட்டரிக்குள்ளேயே வெப்பமாகிறது. மோட்டார்மேல் குற்றம் ஏதுமில்லை.

புதிதாக இருந்தபோது பெரிய பேட்டரியின் அகத்தடை சிறியதைவிடக் குறைவாகவே இருந்திருக்க வேண்டும். பின் ஏன் கெட்டது? விசாரித்ததில் விஷயம் வெளிவந்தது. ஏப்ரலில் முழுதாக மின்னேற்றி, தகரக் கூரையை ஒட்டிய பரணில் வைத்தவன் ஜூலையில்தான் எடுத்திருக்கிறான். லித்தியம் மின்கலத்துக்கு இதைவிடக் கெடுதல் வேறில்லை. முழு மின்னேற்றமும் வெப்பமும் சேர்ந்தால் உள்ளே வேண்டாத வேதிவினைகள் நடந்து, மின்வாய்களின்மேல் படலம் தடித்து, அயனிகளின் வழி அடைபடும். சில சமயம் வாயுவும் உண்டாகும். உறையைத் தடவிப் பார்த்தேன், இலேசாக உப்பியிருந்தது. அதற்குள் பையன், 'இன்னொரு சுற்று ஓட்டலாம்' என்று அதை மறுபடி சார்ஜரில் மாட்டப் போனான். கையைப் பிடித்து நிறுத்தினேன். உப்பிய லித்தியம் பேட்டரியை மின்னேற்றினால் தீப்பற்றக்கூடும். நாங்களும் அளப்பதற்குமுன் அதைத் தடவிப் பார்த்திருக்க வேண்டும், என் தவறுதான்.

பந்தயக்காரர்கள் அகத்தடையோடு நெடுநாளாகப் போராடி வருகிறார்கள். முன்பு 1.2 வோல்ட் நிக்கல்-காட்மியம் மின்கலங்கள் ஆறைத் தொடரிணைப்பில் கோத்து 7.2 வோல்ட் பெற்றார்கள். ஒவ்வொன்றையும் தனியே அளந்து, ஒத்த குணமுள்ள ஆறைப் பொறுக்கிச் சேர்ப்பார்கள். ஒன்று நோஞ்சானாக இருந்தாலும் ஆறும் கெடும் அல்லவா? இன்றைய லித்தியம் பேட்டரியில் இரண்டு கலங்களே. ஆனாலும் இரண்டையும் சமமாக நிரப்பும் சார்ஜர் வேண்டும். ஒரு கலம் 4.2 வோல்ட்டுக்கு மேல் ஏறவும் கூடாது, 3 வோல்ட்டுக்குக் கீழே இறங்கவும் கூடாது.

குளிர்நாடுகளில் பந்தயத்துக்கு முன் பேட்டரியை இளஞ்சூடாக்குவதும் உண்டு. வெப்பத்தில் அயனிகள் விரைந்து நகரும், அகத்தடை குறையும். அரூர் வெயிலில் நமக்கு அந்தக் கவலை இல்லை. 60 டிகிரி செல்சியசைத் தாண்டாமல் காப்பதே நம் வேலை. காரைக்குடியில் 1953-இல் திறக்கப்பட்ட மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனத்தில் லித்தியம் மின்கலங்கள்பற்றிய ஆய்வுகளும் நடக்கின்றன.

நீங்களும் ஓர் அகத்தடையை அளக்கலாம். லித்தியம் வேண்டாம், சுவர்க்கடிகாரத்தில் போடும் பென்சில் பேட்டரி போதும். கடையில் 4.7 ஓம் தடை கிடைக்கும். கணக்குக்கு 5 என்று கொள்வோம். புதிய பேட்டரி தனியே 1.5 வோல்ட், தடையை இணைத்ததும் 1.4 வோல்ட் காட்டினால், மின்னோட்டம் 0.28 ஆம்பியர், அகத்தடை ஏறத்தாழ 0.36 ஓம். பழையது தனியே 1.4 காட்டிவிட்டு, இணைத்ததும் 1.0-க்கு விழுந்தால் அகத்தடை 2 ஓம். தடை சுடும்; அளந்ததும் கழற்றிவிடுங்கள்.

உப்பிய பேட்டரியைத் திறந்தவெளியில் மணல் வாளியில் வைத்து, சிறு பல்பு ஒன்றை மாட்டி மெல்ல வடியவிட்டு, மின்கழிவு சேகரிப்பவரிடம் கொடுத்தோம். பையனுக்கு அவன் அப்பா 3200-இலேயே ஒன்று வாங்கித் தந்தார். ஓட்டாத நாட்களில் அதைக் கலத்துக்கு 3.8 வோல்ட் அளவில் நிறுத்தி, பரணில் அல்ல, வீட்டின் வடக்குச் சுவரோரம் ஒரு தகர டப்பாவில் வைத்திருக்கிறான்.